முதலில் நிலம், அப்புறம்தான் வண்ணம்: சிக்கானோ சுவரோவியங்கள் பற்றி

"சான் டியேகோவில் ஒரு பாலத்தின் தூண்களில் வரைந்த படங்களை அமெரிக்க அரசு தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்திருக்கிறதாமே, அந்தப் படங்களுக்கு ஐம்பது வயதுகூட ஆகாத நேரத்தில்? அப்படி என்ன இருக்கிறது அவற்றில்? சிக்கானோ ஓவியங்களைப் பார்க்கப் போனால் எதைக் கவனிக்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால், அந்தத் தூண்களில் முதல் படம் வருவதற்கு மூன்று வருடம் முன்பே அந்த நிலத்தை அங்கே குடியிருந்தவர்கள் உட்கார்ந்து பிடித்துவிட்டார்கள். படங்கள் அதற்குப் பின்னால் வந்தவை. இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். வண்ணத்தையும் கோட்டையும் மட்டும் பார்த்தால், வெயிலில் மங்கிய சில பெரிய படங்கள் என்றுதான் தோன்றும்.

சிக்கானோ என்பவர்கள் அமெரிக்காவில் வாழும் மெக்சிகோ வம்சாவளியினர். 1848-இல் முடிந்த போரில் மெக்சிகோ தன் நிலத்தில் ஏறக்குறைய பாதியை அமெரிக்காவிடம் இழந்தது. கலிபோர்னியா, அரிசோனா, நியூ மெக்சிகோ எல்லாம் அப்படிக் கைமாறியவை. அங்கே ஏற்கெனவே இருந்தவர்களும் பிற்பாடு பிழைப்புக்கு வந்தவர்களும் சேர்ந்ததுதான் இந்தச் சமூகம். 1960களில் திராட்சைத் தோட்டத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம், லாஸ் ஏஞ்சலிஸின் கிழக்குப் பகுதியில் மாணவர்கள் வகுப்பைவிட்டு வெளியேறிய போராட்டம் என்று ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தபோது, இளைஞர்கள் சிக்கானோ என்ற பெயரைத் தலைநிமிர்ந்து சொல்லிக்கொள்ள ஆரம்பித்தார்கள். சுவரோவியம் அந்த எழுச்சியோடு பிறந்தது.

இப்போது சான் டியேகோவுக்கு வருவோம். கடலை ஒட்டிய லோகன் ஹைட்ஸ் பகுதி ஒரு காலத்தில் மேற்குக் கடற்கரையின் பெரிய மெக்சிகோக் குடியிருப்புகளில் ஒன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கடற்படையும் ராணுவத் தொழிற்சாலைகளும் வந்து, அவர்கள் கடற்கரைக்குப் போகும் வழியை அடைத்தன. அப்புறம் நகராட்சி நிலப் பயன்பாட்டு விதியை மாற்றியது. வீடுகளுக்கு நடுவே பழைய கார்களை உடைக்கும் யார்டுகள் முளைத்தன. 1963-இல் ஐந்தாம் எண் நெடுஞ்சாலை குடியிருப்பை இரண்டாக வெட்டிக்கொண்டு போனது. 1969-இல் கொரொனாடோ பாலம் திறந்தபோது அதன் தூண்கள் மிச்சமிருந்த வீடுகளுக்கு நடுவே இறங்கியிருந்தன. இப்படி ஆயிரக்கணக்கானவர்கள் வீட்டை விட்டுப் போனார்கள். இருந்தவர்களுக்கு, பாலத்துக்கடியில் ஒரு பூங்கா அமைத்துத் தருவதாக வாக்குக் கொடுக்கப்பட்டது.

1970 ஏப்ரல் 22 அன்று காலை மாரியோ சோலிஸ் என்ற கல்லூரி மாணவர் அந்தப் பக்கம் போகும்போது புல்டோசர்கள் நிலத்தைச் சமன் செய்துகொண்டிருந்தன. விசாரித்தால், பூங்கா வேலை இல்லை, நெடுஞ்சாலை ரோந்துப் போலீஸுக்கு நிலையம் கட்டப்போகிறார்கள். அவர் ஓடிப்போய்ச் சொன்னார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், தாய்மார்கள், வேலைக்குப் போகிறவர்கள், பெரியவர்கள் எல்லாரும் வந்து புல்டோசர்களைச் சுற்றிக் கைகோத்து நின்றார்கள். நின்றதோடு விடவில்லை. மண்வெட்டியை எடுத்து அவர்களே கள்ளியும் பூச்செடியும் நட்டார்கள், கம்பத்தில் சிக்கானோ கொடியை ஏற்றினார்கள். பன்னிரண்டு நாள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. கடைசியில் மாநில அரசும் நகராட்சியும் இறங்கிவந்தன, போலீஸ் நிலையத் திட்டம் போனது, பூங்கா வந்தது. அதுதான் சிக்கானோ பூங்கா.

சால்வடோர் டோரஸ் என்ற ஓவியர் அந்தப் பேட்டையிலேயே வளர்ந்து, வெளியே போய் ஓவியம் படித்துவிட்டுத் திரும்பி வந்தவர். தன் ஊரைக் கிழித்த அந்த கான்கிரீட் தூண்களையே ஓவியமாக்க வேண்டும் என்பது அவர் யோசனை. தூணை அகற்ற முடியாது, பாலத்தை இடிக்க முடியாது. ஆனால் அது யாருடையது என்று அதன் மேலேயே எழுதலாம். 1973-இல் வேலை ஆரம்பித்தது. முதலில் பாலத்துக்கு ஏறும் சாலையின் தாங்குசுவர்கள். ஓவியர்கள் மட்டும் இல்லை, பேட்டை மக்கள் நூற்றுக்கணக்கில் பிரஷ்ஷும் ரோலருமாக வந்துவிட்டார்கள். முதல் நாட்களில் திட்டமிட்ட வடிவத்தைவிட ஆர்வம்தான் சுவரில் அதிகம் இருந்தது. கெட்சால்கோவாட்ல் என்ற இறகுப்பாம்புத் தெய்வம், மெக்சிகோப் புரட்சித் தலைவர்கள், தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் கறுப்புக் கழுகு எல்லாம் வந்து சேர்ந்தன.

பாலத்தூணில் படம் வரைவது வீட்டுச் சுவரில் வரைவது மாதிரி இல்லை. புதுக் கான்கிரீட்டில் காரத்தன்மை அதிகம், அப்படியே பெயிண்ட் அடித்தால் சீக்கிரம் உரிந்துவிடும். முதலில் ஆசிட் கலந்த தண்ணீரால் கழுவி, அலசி, காயவிட்டு, பிரைமர் பூச வேண்டும். அப்புறம் சாரம் கட்டி, சிறு காகிதத்தில் போட்ட படத்தைக் கட்டம் கட்டமாகப் பெரிதாக்கி மேலே ஏற்ற வேண்டும். தலைக்கு மேல் நாள் முழுக்க லாரிகள் போய்க்கொண்டிருக்கும். கீழே கடல் காற்று உப்பு. ஒரு பக்கம் எப்போதும் நிழல், இன்னொரு பக்கம் மாலை வெயில் நேராக விழும். அதனால் ஒரே தூணின் இரண்டு முகங்களில் ஒரே வருடம் வரைந்த படங்கள்கூட வேறு வேறு வேகத்தில் மங்கும்.

தூண்கள் T வடிவம். மாரியோ டொரேரோவும் கூட்டாளிகளும் 1970களின் நடுவில் வரைந்த 'கொலோசஸ்' என்ற படத்தில், ஒரு பேருருவம் கைகளை விரித்துப் பாலத்தைத் தாங்கி நிற்கிறது. தூணின் வடிவமே உடம்பாகிவிட்டது. மேலே வண்டியில் போகிறவருக்கு இது தெரியாது. கீழே நிற்பவருக்குத்தான் தெரியும், பாரம் யார் மேல் இறங்கியிருக்கிறது என்று.

எனக்கு அங்கே மிகவும் பிடித்தது 1977-இல் விக்டர் ஓச்சோவாவும் மற்றவர்களும் வரைந்தது. பெயரே கோஷம்: பேட்டை வேண்டும், உடைசல் யார்டு வேண்டாம் என்று பொருள். அதில் தெய்வமும் இல்லை, புரட்சி வீரரும் இல்லை. பக்கத்துத் தெருக்காரர்கள் தட்டிகளைப் பிடித்து நிற்கிறார்கள், குழந்தைகளும் நிற்கிறார்கள். அந்த யார்டுகள் பேட்டையில் உண்மையாகவே நடந்துகொண்டிருந்தபோது, அவற்றை எதிர்த்து உண்மையாகவே போராடிக்கொண்டிருந்தபோது வரைந்த படம் அது. நினைவுச் சின்னம் என்றால் முடிந்துபோன விஷயத்துக்கு எழுப்புவது என்று நாம் நினைக்கிறோம். இந்தப் படம் வரைந்த அன்றைக்குப் பாதிச் சண்டைதான் முடிந்திருந்தது. பூங்காவைக் கடல்வரை நீட்ட வேண்டும் என்ற கோரிக்கையும் இப்படித்தான், தூணிலும் வந்தது, தெருவிலும் வந்தது. பல வருடம் கழித்துக் கடற்கரையில் ஒரு பூங்கா கிடைத்தது.

இன்று ஏழு ஏக்கருக்கு மேற்பட்ட அந்த இடத்தில் எண்பதுக்கும் அதிகமான ஓவியங்கள். எந்த ஓவியம் வரலாம், யார் வரைவது, எதைப் புதுப்பிப்பது என்பதைப் பார்த்துக்கொள்வது ஊர்க்காரர்களின் வழிகாட்டுக் குழு. 1990களில் பூகம்பப் பாதுகாப்புக்காகத் தூண்களைப் பலப்படுத்த வேண்டி வந்தபோது, ஓவியங்களுக்குச் சேதம் வராதபடிதான் வேலை செய்ய வேண்டும் என்று அந்தக் குழு விடாமல் நின்றது. 2011, 2012 வாக்கில் கூட்டரசுப் பணத்தில் பெரிய புதுப்பிப்பு நடந்தது. பழைய ஓவியர்களே சாரத்தில் ஏறித் தங்கள் படங்களைத் திரும்ப வரைந்தார்கள். திரும்ப வரைந்தால் அது அசலா என்று அருங்காட்சியகக்காரர்கள் கேட்பார்கள். வெளிச் சுவரில் இந்தக் கேள்விக்கு வேறு விடைதான் இருக்க முடியும் என்பது என் எண்ணம். அங்கே காப்பாற்றப்படுவது முதல் நாள் பூசிய பெயிண்டைவிட, அதைத் திரும்பத் திரும்பப் பூச ஆள் வரும் ஏற்பாடு.

2013 ஜனவரியில் இந்த இடம் தேசிய வரலாற்றுப் பதிவேட்டில் சேர்ந்தது. பொதுவாக ஐம்பது வருடம் ஆகாததைச் சேர்க்கமாட்டார்கள். விதிவிலக்கான முக்கியத்துவம் உண்டு என்று காட்டினால்தான் வழி உண்டு. 1970 போராட்டத்தில் இருந்த ஜோசஃபின் தலமான்டெஸ் அந்த விண்ணப்பத்துக்குப் பின்னால் இருந்தார். 2016 டிசம்பரில் தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற மேல்தகுதியும் வந்தது. ஆக, கூட்டரசு அங்கீகரித்தது படங்களை மட்டும் இல்லை, மாநில அரசின் திட்டத்தை மக்கள் தடுத்து நிறுத்திய சம்பவத்தையும் சேர்த்துத்தான். 2022-இல் பக்கத்திலேயே ஓர் அருங்காட்சியகமும் திறந்திருக்கிறார்கள்.

இந்த மரபின் வேர் மெக்சிகோவில் இருக்கிறது. புரட்சிக்குப் பின் 1920களில் அங்கே கல்வி அமைச்சராக இருந்த ஹோசே வாஸ்கொன்சேலோஸ் அரசுக் கட்டடச் சுவர்களை ஓவியர்களுக்குத் திறந்துவிட்டார். டியேகோ ரிவேரா, ஒரோஸ்கோ, சிகேரோஸ் மூவரும் அப்படி எழுந்தவர்கள். சிக்கானோக்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சுவரும் இல்லை, கூலியும் இல்லை, கேட்க ஓர் அமைச்சரும் இல்லை. கிடைத்தது பாலத்தூண், வெள்ள வாய்க்கால், குடியிருப்பின் பின்சுவர், சந்து. அதனால்தான் இந்த ஓவியங்கள் இருக்கும் இடங்கள் எல்லாம் நகரம் திரும்பிப் பார்க்காத இடங்களாக இருக்கின்றன.

சிகேரோஸ் 1932-இல் லாஸ் ஏஞ்சலிஸ் வந்தபோது ஓல்வெரா தெருவில் ஒரு மாடிச் சுவரை அவருக்குக் கொடுத்தார்கள். தலைப்பு, வெப்பமண்டல அமெரிக்கா. பழமரங்களும் கிளிகளுமாக ஒரு சொர்க்கத்தை எதிர்பார்த்தார்கள். திறப்பு விழாவுக்கு முன் கடைசி நேரத்தில், தனியாக, இரவில், அவர் நடு உருவத்தை வரைந்து முடித்தார். சிலுவையில் அறைந்த ஒரு பூர்வகுடி மனிதன், அவன் தலைக்கு மேல் ஒரு கழுகு. தெருவிலிருந்து தெரிந்த பகுதிக்குச் சில மாதங்களிலேயே வெள்ளையடித்தார்கள். சில வருடங்களில் மொத்தத்துக்கும் அடித்தார்கள். 1960களின் கடைசியில் வெயிலில் அந்த வெள்ளை உரிந்து அடியில் இருந்த உருவம் மெல்ல வெளிவர ஆரம்பித்தது. சிக்கானோ இயக்கம் எழுந்த அதே நேரம் அது. அந்த இளம் ஓவியர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பாதுகாப்பு வேலைகள் முடிந்து 2012-இல்தான் பொதுமக்கள் பார்க்கத் திறந்தார்கள்.

லாஸ் ஏஞ்சலிஸின் கிழக்குப் பகுதியில் சிட்டி டெரஸில் ஒரு பேக்கரிக்குப் பின்னால் ஒரு சந்து. வில்லி எர்ரோன் என்ற இளைஞரின் தம்பியை அங்கே ஒரு கும்பல் கத்தியால் குத்தியது. 1972-இல், அது நடந்த கையோடு, எர்ரோன் அந்தச் சுவரிலேயே வரைந்தார். சுவர் பிளந்து உள்ளிருந்து மனிதர்கள் வெளியே பீறிடுகிறார்கள், பாட்டி ஒருத்தி அழுகிறாள். சுவரில் ஏற்கெனவே கிறுக்கியிருந்த பெயர்களை அவர் அழிக்கவில்லை, படத்துக்குள்ளேயே சேர்த்துக்கொண்டார். அந்தப் பெயர்களை எழுதினவர்களும் அந்தத் தெருவின் பிள்ளைகள்தானே. அடுத்த வருடம் அவரும் கிராங்க் என்ற ஓவியரும் சேர்ந்து எஸ்ட்ராடா கோர்ட்ஸ் குடியிருப்பில் கறுப்பு வெள்ளையில் இன்னொன்று வரைந்தார்கள். 1970 ஆகஸ்ட் 29 அன்று வியட்நாம் போரை எதிர்த்து நடந்த சிக்கானோ ஊர்வலத்தில் போலீஸ் அடித்த அடியும் அந்தப் படத்தில் உண்டு. அந்த நாளில்தான் பத்திரிகையாளர் ரூபன் சலசார் கொல்லப்பட்டார். அதே குடியிருப்பில் 1978-இல் டொரேரோவும் சகாக்களும் சே குவேராவைப் பெரிதாக வரைந்து, நாங்கள் சிறுபான்மையினர் அல்ல என்று எழுதினார்கள். இன்றும் ஆள்கள் அதன் முன் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

ஜூடி பாக்கா என்ற பெண் ஓவியரைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது. லாஸ் ஏஞ்சலிஸின் சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில் டுஹங்கா வாஷ் என்ற ஓடை, வெள்ளத் தடுப்புக்காகக் கான்கிரீட் வாய்க்காலாக மாற்றப்பட்டது. நகரத்து ஆறுகளைக் கான்கிரீட்டில் அடைத்ததைப் பாக்கா ஒரு தழும்பாகப் பார்த்தார். அந்தத் தழும்பின் மேல் பச்சை குத்துவது மாதிரி, 1976 முதல் 1983 வரை கோடைக்காலங்களில், கலிபோர்னியாவின் வரலாற்றை வரைந்தார்கள். நீளம் 2,754 அடி. ஏறத்தாழ அரை மைல். நானூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வேலை செய்தார்கள். பலர் போலீஸ் வழக்குகளில் சிக்கியவர்கள், ஒருவரோடொருவர் பேசவே மாட்டாத வேறு வேறு இனத்துப் பேட்டைகளிலிருந்து வந்தவர்கள். மழைக்காலத்தில் வாய்க்காலில் தண்ணீர் ஓடும் என்பதால் கோடையில் மட்டும்தான் கீழே இறங்க முடியும்.

1950களைக் காட்டும் ஒரு பகுதியைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். நெடுஞ்சாலை பாம்பு மாதிரி வளைந்து ஒரு குடும்பத்தைச் சுற்றி இறுக்குகிறது. பக்கத்தில் பேஸ்பால் ஸ்டேடியம் வேற்றுக்கிரக விண்கலம் போல வானத்திலிருந்து இறங்குகிறது. சாவேஸ் ரவீன் என்ற மெக்சிகோக் குடியிருப்பைக் காலிசெய்த இடத்தில்தான் டாட்ஜர் ஸ்டேடியம் வந்தது. அதே சுவரில் 1930களில் மெக்சிகோ மக்களை ரயிலேற்றி அனுப்பியதும் உண்டு, இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய அமெரிக்கர்களை முகாம்களில் அடைத்ததும் உண்டு. பள்ளிப் பாடத்தில் அந்தப் பிள்ளைகள் படிக்காத வரலாற்றை அவர்கள் கையாலேயே வரைய வைத்தார் பாக்கா. இப்போது பெரிய நிதியுதவி கிடைத்து, சுவரை 1960களுக்கு அப்பாலும் நீட்டும் வேலை நடக்கிறது.

எல்லாச் சுவருக்கும் இந்த நல்ல கதி வாய்க்கவில்லை. 1981-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தின் இருநூறாம் ஆண்டுக்காக பார்பரா கராஸ்கோ என்ற ஓவியரிடம் நகர மறுவளர்ச்சி முகமை ஒரு சுவரோவியம் கேட்டது. அவர் ஒரு பெண்ணின் நீண்ட கூந்தல் பின்னலுக்குள் நகர வரலாற்றைச் சித்திரம் சித்திரமாகப் பின்னினார், மொத்தம் 43 பலகைகள். ஜப்பானிய அமெரிக்கர்களை அடைத்தது உள்படச் சில காட்சிகளை எடுத்துவிடச் சொன்னார்கள். அவர் மறுத்தார். பலகைகள் கிடங்குக்குப் போயின. 2018-இல்தான் லாஸ் ஏஞ்சலிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் அதை முறையாகக் காட்சிக்கு வைத்தது, அப்புறம் வாங்கியும் கொண்டது. கேட்டதும் அந்தக் காட்சிகளை மாற்றிக் கொடுத்திருந்தால் அன்றைக்கே சுவர் கிடைத்திருக்கும். அவர் மாற்றாததால்தான் இன்று அந்த ஓவியம் முழுசாக இருக்கிறது.

சான் பிரான்சிஸ்கோவின் மிஷன் பகுதியில் பெண்கள் முன்னால் நின்றார்கள். பட்ரீசியா ரோட்ரிகெஸ், கிராசியேலா கரீயோ, கன்சுவேலோ மென்டெஸ், ஐரீன் பெரெஸ் சேர்ந்து முஹேரெஸ் முராலிஸ்தாஸ், அதாவது சுவரோவியப் பெண்கள், என்ற குழுவாக 1970களின் தொடக்கத்தில் வேலை செய்தார்கள். சாரத்தில் ஏறுவது பெண்களுக்கு ஆகாது என்று சொன்ன காலம். அவர்கள் சோளக்கதிரையும் சந்தையையும் பிள்ளைகளையும் வரைந்தபோது, இதில் போராட்டம் எங்கே, ரத்தம் எங்கே என்று ஆண் ஓவியர்கள் குறை சொன்னார்கள். குடும்பம் நடத்துவதும் சமைப்பதும் திருவிழா எடுப்பதும் ஒரு சமூகம் நிலைத்து நிற்பதற்கான வேலை என்பதை அந்தப் பெண்கள் சரியாகப் பார்த்தார்கள் என்றே நினைக்கிறேன். பால்மி ஆலி என்ற சந்து இன்றும் இருக்கிறது. அங்கே இரண்டு பக்கமும் வேலிக்கதவும் கராஜ் கதவும்கூட ஓவியம்தான்.

இனி கசப்பான பகுதி. சிகாகோவின் பில்சன் பகுதியில் காசா அஸ்த்லான் என்ற சமூகக் கூடத்தின் சுவர்களில் ரே பட்லான் 1970களில் வரைந்தவை அந்தப் பேட்டையின் முகமாகவே இருந்தன. கட்டடம் கைமாறி, 2017-இல் புது உரிமையாளர் சாம்பல் பெயிண்ட் அடித்தார். மக்கள் கொதித்தெழுந்த பிறகு, பட்லானையே அழைத்துப் புதிதாக வரையச் சொன்னார்கள். படம் வந்தது. கூடம் வரவில்லை, அது அடுக்குமாடி வீடாகிவிட்டது. ஓவியர் அனுமதி இல்லாமல் படத்தை அழிப்பதைக் கட்டுப்படுத்த 1990-இல் ஒரு கூட்டரசுச் சட்டம் வந்திருக்கிறது, கலிபோர்னியாவில் அதற்கும் முன்பே ஒன்று உண்டு. இருந்தும் 1984 ஒலிம்பிக்ஸுக்காக நெடுஞ்சாலையில் பாக்கா வரைந்த ஓட்டப்பந்தய வீராங்கனையின் படத்தின் மேல் 2019-இல் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். சட்டம் இருக்கிறது என்பதால் தினமும் ரோலரோடு போகும் ஆளுக்கு அது தெரியும் என்று ஆகாது.

வாடகை இதைவிடப் பெரிய சிக்கல். ஓவியங்களைப் பார்க்க ஆள் வருகிறது, காபிக்கடை வருகிறது, பேட்டைக்குப் பெயர் வருகிறது, பின்னாலேயே வாடகை ஏறுகிறது. படத்தில் இருக்கும் குடும்பங்கள் ஊரைவிட்டுப் போக, படம் மட்டும் சுவரில் இருக்கும் நிலை மிஷனிலும் பில்சனிலும் வந்துகொண்டிருக்கிறது, சிக்கானோ பூங்கா இருக்கும் பாரியோ லோகன் பேட்டையிலும் அந்தப் பயம் இருக்கிறது. இதற்காக ஓவியத்தைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. வாடகைக்கு வரம்பு வைக்கும் வேலையை ஓவியத்தின் தலையில் கட்ட முடியாது. ஆனால் ஒரு நகராட்சி சுவரோவிய விழா நடத்துவதைப் பெருமையாகச் சொல்லும்போது, அந்தத் தெருவில் பத்து வருடம் முன்பு இருந்தவர்களில் எத்தனை பேர் இன்றும் இருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.

நீங்கள் போவதாக இருந்தால் சிக்கானோ பூங்காவில் ஆரம்பியுங்கள். சான் டியேகோ டிராமில் பாரியோ லோகன் நிறுத்தத்தில் இறங்கினால் நடந்துபோகும் தூரம். ஏப்ரலில் சிக்கானோ பூங்கா தினத்தை ஒட்டிப் போனால் அஸ்டெக் நடனம், பாட்டு, தரையை உரசும் லோரைடர் கார்கள், சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் இருக்கும். நிதானமாகப் படம் பார்க்க வேண்டுமானால் சாதாரண நாள் காலை நல்லது. ஒவ்வொரு தூணின் அடியிலும் வரைந்தவர் பெயரும் வருடமும் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பல இடங்களில் இரண்டு வருடங்கள் இருக்கும், வரைந்தது ஒன்று, புதுப்பித்தது ஒன்று. தூணின் நான்கு பக்கமும் சுற்றி வாருங்கள், பின்பக்கத்தில் வேறு ஓவியம் இருக்கும். லாஸ் ஏஞ்சலிஸில் பாக்காவின் சுவரை வாய்க்காலுக்கு மேலுள்ள நடைபாதையிலிருந்து பார்க்கலாம், வாய்க்காலுக்குள் இறங்கத் தேவையில்லை. அரை மைல் என்பதால் தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்ட்ராடா கோர்ட்ஸ் மக்கள் குடியிருக்கும் இடம். அங்கே ஜன்னல்களைப் பார்த்து கேமராவைத் திருப்பாமல், எதிர்ப்படுகிறவர்களிடம் ஒரு வணக்கம் சொல்லிவிட்டு நடங்கள். சுவரைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் பேசுவார்கள், வரைந்தவரைத் தெரிந்தவராகவே அவர் இருக்கலாம்.